இனோசிட்டால்: உணவா, மருந்தா?

(விழாவின் இரண்டாம் நாள் முற்பகல் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மருந்தியலைக் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். 'உடல்நலம்' என்னும் பொதுத்தலைப்பில் பேசுமாறு பொறுப்பாளர்கள் பணித்தார்கள். அப்பரந்த தலைப்பை ஒரேயொரு பொருளின்மேல் நிறுத்திக்கொள்ள அவர்களிடம் இசைவு பெற்றேன். காரணத்தைக் கூறுகிறேன். கடந்த ஆண்டு இதே விழாவில், உணவு இடைவேளையின்போது, மூவர் தனித்தனியே என்னை அணுகினர். ஒரு தாய், தம் மகளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த வெள்ளைப் பொடியின் உறையைக் காட்டி, "இதனால் நீர்க்கட்டி கரையுமா அம்மா?" என்று கேட்டார். மற்றோர் அம்மையார், "சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதனைக் குடிக்கலாமா?" என்றார். மூன்றாமவர் ஓர் இளைஞர். தம் மனைவிக்கு வாங்கிய கேப்ஸ்யூலின் மேலுறை எதனால் ஆனது, நம் இல்லத்தில் அதனை வைத்திருக்கலாமா என்பது அவருடைய ஐயம். மூவர் கேட்டதும் இனோசிட்டால் என்னும் ஒரே பொருளைப் பற்றியே.

அம்மூவருக்கும் நின்றவாறே சுருக்கமாக விடையளித்தேன். அவ்விடைகள் போதா என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகளுக்கு அப்போது 22 வயது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையே வருகிறது, உடல் பருத்துவருகிறது, எந்நேரமும் சோர்வு என்றார். "மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், வரன் பார்க்கும் நேரம். நீயே ஏதாவது சொல்லேன்" என்றார். சினைப்பை நீர்க்கட்டியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, இனோசிட்டால் பொடியை நாளுக்கு இருமுறை நீரில் கலந்து கொடுக்கச் சொன்னேன். தீங்கற்ற பொருள்தானே என்னும் துணிவு. எட்டு மாதங்கள் கழிந்தன. பெண் மேலும் தளர்ந்தாள்; முடி கொட்டியது; குரல் தடித்தது. இறுதியில் ஒரு மருத்துவர் எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்வித்தார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. அதற்குரிய மாத்திரையைத் தொடங்கிய சில மாதங்களில் மாதவிலக்கு சீரடைந்தது. "சித்தி, நீங்கள் சொன்னதால்தான் அம்மா என்னை வேறெங்கும் அழைத்துப் போகவில்லை" என்று அவள் ஒருநாள் கூறினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது. அவளுடைய இசைவு பெற்றே இதனை இங்குச் சொல்கிறேன்.

பொடியில் குற்றமில்லை. அதற்கு என்ன ஆற்றல் உண்டு, என்ன ஆற்றல் இல்லை என்பதைக் கற்றறிந்த நானே, நோய் இன்னதென்று அறியாமல் அதனைக் கொடுக்கச் சொன்னதுதான் குற்றம். ஆகவே, அம்மூவர் கேட்ட கேள்விகளுக்கு இன்று பொறுமையாக விடை தேடுவோம்.

இனோசிட்டால் என்பது யாது?

1850ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஷேரர் என்பவர் தசையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். தசைநாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயருக்கு வேர். வெண்மையான தூள், நாவில் இட்டால் மெல்லிய இனிப்புத் தெரியும். குளுக்கோஸில் எத்தனை கரி, நீரியம், உயிரிய அணுக்கள் உள்ளனவோ, அத்தனையே இதிலும் உள்ளன. அவை அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ஆறு கரியணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தொங்குகிறது. அத்தொகுதிகள் வளையத்தின் மேலும் கீழும் திரும்பி நிற்கும் வகையைப் பொறுத்து ஒன்பது வடிவங்கள் உள. அவற்றுள் நம் உடலில் மிகுந்திருப்பது மயோ-இனோசிட்டால். அடுத்து நாம் கேள்விப்படுவது டி-கைரோ-இனோசிட்டால்.

ஒரு காலத்தில் இதனை வைட்டமின் பி8 என்று அழைத்தனர். இன்றும் சில புட்டிகளில் அப்பெயரைக் காணலாம். ஆயின் இது வைட்டமின் அன்று. உடலால் ஆக்கிக்கொள்ள இயலாததும், உணவின் வழியே பெற்றாக வேண்டியதுமான நுண்சத்தையே வைட்டமின் என்கிறோம். இனோசிட்டாலையோ நம் உடலே குளுக்கோஸிலிருந்து ஆக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு சிறுநீரகமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் அளவு உருவாக்குகிறது. இதுவன்றி, கலப்புணவிலிருந்து சுமார் 1 கிராம் கிடைக்கிறது. எனவே, 'இனோசிட்டால் குறைபாட்டு நோய்' என்று ஒன்றைக் கூறி எவரேனும் அச்சுறுத்தினால் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

அவ்வாறாயின், அதனைக் கூடுதலாக ஏன் உட்கொள்கின்றனர்? விடை காண, உடலணுவின் வாயில்வரை சென்று பார்க்க வேண்டும்.

வாயிலில் நிற்கும் விருந்தினர்

உணவுண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் அணுவின் வாயில்வரை வருமேயன்றி உள்ளே சென்று பணி செய்வதில்லை. வாயிலில் நின்று அழைக்கிறது; அவ்வழைப்பை உள்ளே எடுத்துச் செல்ல வேறோர் ஏவலாள் வேண்டும். அணுவின் மென்படலத்தில், கொழுப்போடு பிணைந்த இனோசிட்டால் அமர்ந்திருக்கிறது. இன்சுலின் வாயிலைத் தட்டியவுடன் ஒரு நொதி அதன்மேல் பாஸ்பேட்டு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு அடுத்தடுத்த பணியாளர்கள் இயங்க, தசையணுவில் குளுக்கோஸ் நுழையும் வழிகள் மேற்பரப்புக்கு வந்து திறக்கின்றன.

இவ்வகைச் செய்திப் போக்குவரத்தின் முதற் சுவட்டை, 1953இல் ஹோக்கின் என்னும் கணவன் மனைவி இருவர் கணையத் துண்டுகளை ஆய்ந்தபோது கண்டனர். 1983இல் மைக்கேல் பெரிட்ஜும் அவருடன் ஆய்ந்தவர்களும், மூன்று பாஸ்பேட்டு ஏந்திய இனோசிட்டால் அணுவினுள் கால்சியத்தை விடுவிக்கும் தூதுவன் என்று காட்டினர். ஆக, உடலின் பல கட்டளைகள் இப்பொருளின் தோள்மேல் ஏறியே செல்கின்றன.

இன்சுலின் எவ்வளவு அழைத்தும் உள்ளிருப்போர்க்கு அது சரிவரக் கேளாத நிலையை இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து உரக்க அழைக்கிறது. சில ஆண்டுகள் இவ்வாறே ஒப்பேறும்; பின்னர்க் கணையம் களைத்துப்போகும். 1988இல் ஜெரால்டு ரீவன் என்னும் அமெரிக்க மருத்துவர், இன்சுலின் எதிர்ப்பு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவை ஒன்றாகக் கூடி வருவதை எடுத்துக்காட்டினார். இன்று அதனை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்கிறோம்.

அதன் அடையாளங்கள் ஐந்து. இடுப்புச் சுற்றளவு நம் நாட்டினரில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். இரத்த அழுத்தம் 130க்கு 85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ். இவ்வைந்தில் மூன்று இருப்பின் அத்தொகுதி உண்டு எனக் கொள்வர். இன்றிரவு வீட்டில் ஓர் அளவுநாடாவை எடுத்து முதல் அடையாளத்தையேனும் பார்த்துவிடலாம், அதற்குச் செலவில்லை.

"நாம் புலால் உண்பதில்லை, மதுவைத் தொடுவதில்லை, நமக்கு ஏன் இது வரும்?" என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். சென்னையிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றின் முன்னெடுப்பில் நாடு முழுவதும் நடைபெற்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 இலட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. தீட்டிய வெள்ளரிசி, மைதாப் பலகாரம், எண்ணெயில் பொரித்தவை, இனிப்பு ஆகிய அனைத்தும் மரக்கறி உணவே. ஆயினும் அவற்றை மிகுதியாக உண்டு, நாள் முழுவதும் கடையிலோ கணினி முன்போ அமர்ந்திருப்போரின் இடுப்பு விரியத்தான் செய்யும்.

முதற்கேள்வி: நீர்க்கட்டி கரையுமா?

சினைப்பை நீர்க்கட்டி நோய்த்தொகுதியை 1935இல் ஸ்டீன், லெவந்தால் என்னும் இருவர் விரித்துரைத்தனர். நீர்க்கட்டி என்னும் பெயரே நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது. அவை வெட்டியோ கரைத்தோ அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெளிப்படாமல் நின்றுபோன சிறு சினைமுட்டைப் பைகள். அவை நிற்பதற்கு ஒரு பெருங்காரணம், இன்சுலின் எதிர்ப்பால் மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மைச் சுரப்பை மிகுவிப்பது. அதனால்தான் மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகத்தில் உரோமம், பரு ஆகியவை சேர்ந்து வருகின்றன. பிற்காலத்தில் நீரிழிவும் தொடர்கிறது.

1999இல் வெளியான ஓர் ஆய்வு உடற்பருமனுள்ள 44 பெண்களிடம் நடந்தது. அவர்களுள் 22 பேர்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் டி-கைரோ-இனோசிட்டால் கொடுத்தபோது 19 பேரிடம் சினைமுட்டை வெளிப்பட்டது. வெற்று மாத்திரை பெற்ற 22 பேரில் 6 பேரிடம் மட்டுமே வெளிப்பட்டது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பின்னர், சினைப்பையில் டி-கைரோ வடிவம் அளவுக்கு மிஞ்சினால் முட்டையின் தரத்திற்கு நல்லதன்று என்னும் ஐயமும் எழுந்தது. இத்தாலிய ஆய்வாளர்கள் மயோ வடிவத்தைப் பெரிதும் ஆய்ந்தனர். இன்று வழக்கிலுள்ள அளவு, மயோ-இனோசிட்டால் நாளொன்றுக்கு 4 கிராம், காலையும் மாலையுமாக இரு பகுதி. பெரும்பாலும் ஃபோலிக் அமிலத்துடன் சேர்ந்து. சில உறைகளில் மயோவும் டி-கைரோவும் 40க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்கும். இரத்தத்தில் இவ்விரண்டும் இயல்பாக இருக்கும் விகிதத்தைப் பின்பற்றி அவ்வாறு அமைத்தனர்.

பல ஆய்வுகளையும் ஒருங்கே நிறுத்து நோக்கிய பன்னாட்டு வழிகாட்டு நெறி, ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2023இல் வெளிவந்தது. இனோசிட்டாலைப் பெண்ணின் விருப்பத்தை அறிந்து பரிசீலிக்கலாம், தீங்கு குறைவு, வளர்சிதை மாற்ற அளவீடுகள் சற்று மேம்படக்கூடும், ஆயின் சினைமுட்டை வெளிப்பாடு, மிகை உரோமம், உடல் எடை ஆகியவற்றில் பயன் குறைவே என்பது அதன் கருத்து. உரோமத்திற்கும் வயிற்றுப் பருமனுக்கும் இனோசிட்டாலினும் மெட்ஃபார்மினையே முற்படக் கருதலாம் என்றும் அது கூறுகிறது.

எனவே அந்தத் தாய்க்கு நான் இன்று சொல்லும் விடை இது. அம்மா, உங்கள் மகளுக்கு இப்பொடி உதவக்கூடும். உறுதி கூற இயலாது. மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்து, மாதவிலக்கு நாள்களைக் குறித்து வாருங்கள். மாற்றமில்லையெனில் மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். அதற்கும் முன்பாக, தைராய்டு, புரோலாக்டின் ஆகிய இரண்டையும் பார்த்து வேறு நோயில்லை என்று உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் கேட்கத் தவறினேன்; நீங்கள் தவறாதீர்கள்.

கருவுற்ற பெண்களைப் பற்றியும் ஒரு சொல். தாய்க்கோ தந்தைக்கோ நீரிழிவு உள்ள 220 கர்ப்பிணிகளிடம் இத்தாலியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 4 கிராம் பெற்றவர்களுள் 6 விழுக்காட்டினர்க்கும், பெறாதவர்களுள் 15.3 விழுக்காட்டினர்க்கும் கர்ப்பகால நீரிழிவு வந்தது. ஆனால் அயர்லாந்தில் 240 பேரிடம், இதனினும் குறைந்த அளவை டி-கைரோவுடன் கலந்து கொடுத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் பயன் காணப்படவில்லை. நீர்க்கட்டி நோயுள்ள கர்ப்பிணிகளிடம் நெதர்லாந்தில் அண்மையில் நடந்த பெரிய ஆய்விலும் கர்ப்பகாலச் சிக்கல்கள் குறையவில்லை. ஆகவே மகப்பேற்று மருத்துவரைக் கேளாமல் கர்ப்ப காலத்தில் எதனையும் தொடங்கவும் வேண்டா, நிறுத்தவும் வேண்டா. ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுப்பதில் அதன் பயன் ஐயமற நிறுவப்பட்டது.

இரண்டாம் கேள்வி: சர்க்கரை மாத்திரைக்கு மாற்றாகுமா?

ஆகாது. இதனை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறேன், மறவாதிருக்கும்பொருட்டு.

மாதவிலக்கு நின்ற பெண்களுள் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி உடையோரிடம் இத்தாலியில் நடந்த சிறு ஆய்வுகளில் ட்ரைகிளிசரைடும் இரத்த அழுத்தமும் ஓரளவு குறைந்தன. இது நல்ல செய்தியே. ஆயினும் மாத்திரையை விடுத்து இதனை மட்டும் பல்லாண்டு உண்டோர்க்குக் கண், சிறுநீரகம், இதயம் ஆகியவை காக்கப்பட்டன என்பதற்குச் சான்று இல்லை. மெட்ஃபார்மின் போன்ற மருந்துகளுக்கோ பல பதின்மாண்டுகளின் அனுபவம் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வலிப்பதில்லை. நிறுத்திய மறுநாள் ஒன்றும் நேர்வதில்லை. அதனாலேயே 'நிறுத்தினேன், நன்றாகத்தான் இருக்கிறேன்' என்னும் மயக்கம் உண்டாகிறது. சிறுநீரகமும் விழித்திரையும் ஓசையின்றித் தேய்கின்றன.

மெட்ஃபார்மின் உண்போர் நம்மில் பலர் இருப்பதால் மற்றொன்றையும் நினைவூட்டுகிறேன். அம்மருந்து நெடுநாளில் வைட்டமின் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். மரக்கறி உண்போர்க்கு இச்சத்து இயல்பாகவே குறைவு. பால், தயிர் ஓரளவே ஈடுசெய்யும். பாதம் மரத்துப்போதல், எரிச்சல், மறதி ஆகியவற்றையெல்லாம் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இனோசிட்டாலால் பெருந்தீங்கு இல்லை. நாளொன்றுக்கு 12 கிராமும் அதற்கு மேலும் உண்டவர்களிடம் குமட்டல், வயிற்றுப் பொருமல், பேதி ஆகியவை காணப்பட்டன. ஆனால் மூன்று வகையினர் விழிப்பாக இருக்க வேண்டும். மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு லித்தியம் உண்போர் முதல் வகையினர். லித்தியம் உடலணுவில் இனோசிட்டால் சுழற்சியைத் தடுப்பது. அதனால், மனநல மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது. இன்சுலின் ஊசியோ சர்க்கரையை விரைந்து இறக்கும் மாத்திரையோ கொள்வோர் இரண்டாம் வகையினர்; அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் கண்காணிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோர் மூன்றாம் வகையினர்.

மூன்றாம் கேள்வி: நம் இல்லத்திற்கு உகந்ததா?

இனோசிட்டாலைப் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தோ அரிசித் தவிட்டிலிருந்தோ எடுக்கின்றனர். அவற்றிலுள்ள பைட்டிக் அமிலத்தைச் சிதைத்தால் இனோசிட்டால் கிடைக்கும். எனவே பொருள் தாவரப் பொருளே. ஐயம் எழுவது அதன் உடன்வரும் பொருள்களில்.

முதலாவது, மேலுறை. வழக்கமான கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டினால் ஆனது. விலங்கின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது அது. தாவர நாரிலிருந்து பெறும் செல்லுலோஸ் உறைகளும் சந்தையில் உள. பொடியாக வாங்கினால் உறை பற்றிய சிக்கலே எழாது. மேலும் ஒரு கணக்கைப் பாருங்கள்: 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக வாங்கினால் 4 கிராமுக்கு நாளொன்றுக்கு எட்டு விழுங்க வேண்டும். பொடியோ இரண்டு சிறு கரண்டி அளவில் முடிந்துவிடும்.

இரண்டாவது, வைட்டமின் டி3. இனோசிட்டாலுடன் இதனைச் சேர்த்து விற்பது உண்டு. டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் மெழுகிலிருந்து ஆக்கப்படுகிறது. கற்பாசியிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. இதில் எதனை ஏற்பது என்பதை அவரவர் இல்லமே முடிவு செய்யலாம். முடிவு செய்யும் முன் அறிந்திருத்தல் நன்று.

மூன்றாவது, மறைந்திருக்கும் மருந்து. சில மாத்திரைகளில் மயோ-இனோசிட்டாலுடன் மெட்ஃபார்மினும் கலந்திருக்கும். அது சத்துப் பொருளன்று, மருந்து. 'சத்து மாத்திரைதானே' என்று அக்காளுக்கு எழுதியதைத் தங்கைக்கும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனை விட்டுவிட வேண்டும்.

உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதில் 14 இலக்க உரிம எண்ணும், மரக்கறி என்பதைக் காட்டும் சதுரத்தினுள் பச்சை வட்டமும் இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டிற்குரியதன்று என்னும் வாசகமும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வாசகத்தை நாம் படிப்பதேயில்லை. மருந்தாக விற்கப்படும் அட்டைகளில் பச்சைக் குறியை எதிர்பார்க்க இயலாது. மருந்தாளுநரிடம் உறையைக் குறித்துக் கேட்டு வாங்குவதே வழி.

அடுக்களையில் உள்ளது

இனோசிட்டால் பழங்களிலும் பயறுகளிலும் முழுத் தானியங்களிலும் கொட்டைகளிலும் மிகுதி. ஆரஞ்சு, முலாம்பழம் ஆகியவற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் உள்ளது. இதனைக் கேட்டவுடன் ஆரஞ்சுக் கூடையை நாட வேண்டா. 4 கிராம் பெற ஒரு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். அதனுடன் வரும் சர்க்கரை, வந்த நோக்கத்தையே கெடுத்துவிடும். நாளுக்கு ஒரு பழம், சாறாக அன்றிச் சுளையாக, என்பது போதும்.

தவிடு, எள், கொள்ளு, பச்சைப்பயறு முதலியவற்றில் இனோசிட்டால் ஆறு பாஸ்பேட்டுகளோடு பூட்டிய பைட்டிக் அமிலமாக இருக்கிறது. அப்பூட்டைத் திறக்கும் நொதி நம் குடலில் மிகக் குறைவு. பூட்டிய நிலையில் அது இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. பயற்றை நெடுநேரம் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் பைட்டிக் அமிலம் ஓரளவு குறையும். முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அப்பூட்டை இன்னும் திறக்கும். அவற்றை விலக்கும் நெறியுடைய இல்லங்கள் ஊறவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உணவுடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும்.

பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தைப் பற்றியும் பலர் என்னைக் கேட்பதுண்டு. நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த எட்டு ஆண்களிடம் அமெரிக்காவில் ஐந்து வாரம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், நாளின் முற்பகுதியில் ஆறு மணிநேரத்திற்குள் உணவை முடித்துக்கொண்டபோது, எடை குறையாமலேயே இன்சுலின் செயற்பாடு மேம்பட்டது. ஆனால் அவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் உணவை முடித்தவர்கள், எண்ணிக்கையும் எட்டே. நம் வழக்கத்திற்கு இதனையே சான்றாகப் பறைசாற்றுவது முறையன்று. நாம் அவ்வழக்கத்தைக் கொண்டது வேறு காரணத்திற்காக. உடலுக்கும் நன்மை உண்டாயின் மகிழ்வோம். இன்சுலின் ஊசி போடுவோர் நோன்பு நாள்களுக்கு முன் மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கேட்காமல் நோன்பிருந்து மயங்கி விழுவது எவர்க்கும் துன்பமே.

இறுதியாக, உணவுக்குப்பின் நடை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் அழைப்பு இல்லாமலேயே குளுக்கோஸுக்கு வழி திறக்கிறது. மாலை உணவுக்குப்பின் இருபது நிமிட நடைக்கு இணையாக எந்தப் பொடியையும் நான் காட்ட இயலாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

தாய்மார்களே, இவ்வுரையில் நீங்கள் எண்களை மறந்தாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நம் பெண்களின் மாதவிலக்குக் கோளாற்றை வரன் பார்க்கும் காலத்தின் இரகசியமாக ஆக்காதீர்கள். மருத்துவரிடம் செல்வதில் நாணம் கொண்டு, தெரிந்தவரிடம் தொலைபேசியில் கேட்டு, புட்டியொன்றை வாங்கி அலமாரியின் உட்புறம் வைத்துக் கொடுப்பது நோயை வளர்க்கும். வீட்டில் பெண் கேட்க வருவோரும் இதனை ஒரு குறையாகக் கருதாத மனநிலையை, இங்கு அமர்ந்திருக்கும் மாமியார்களும் மாமனார்களும்தான் உண்டாக்க வேண்டும். இது பலர்க்கும் உள்ள, மருத்துவம் உள்ள ஒரு நிலை.

என் தமக்கை மகளுக்கு இன்று மணமாகி, மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். தைராய்டு மாத்திரையை நாள்தோறும் காலையில் உண்கிறாள். சென்ற திங்கள் அவள் என்னை அழைத்தாள். அவளுடைய அலுவலகத் தோழி ஒருத்தி இனோசிட்டால் வாங்கலாமா என்று கேட்டாளாம். "என்ன சொன்னாய்?" என்றேன். "முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள், பிறகு அந்தத் தாளுடன் மருத்துவரைப் பார் என்றேன், சித்தி" என்றாள்.

அவள் சொன்னதையே நானும் உங்களுக்குச் சொல்லி அமர்கிறேன்.